எவர்சில்வர் தெரியும், எவர்கிரீன் தெரியாது

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒரு ஃபோன். அப்பதான் சாப்பிட்டுத் தட்டு கழுவிட்டு நிக்கிறேன். கையெல்லாம் ஈரம்.

"மேடம், நீங்க ஆன்லைன்ல பிரசவ வகுப்பு எடுக்கறீங்கன்னு பாத்தோம். உங்க கோர்ஸ் என்ன ஃபார்மட் மேடம்? லைவா, ரெக்கார்டடா, எவர்கிரீனா?"

எவர்சில்வர்னா எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு எங்கம்மா பேர் வெட்டிக் குடுத்த குடம் இன்னும் பரண்ல இருக்கு. அதென்ன எவர்கிரீன்?

அந்தத் தம்பி பொறுமையா விளக்கிச்சு. ஒரு தடவை வீடியோ எடுத்துப் போட்டுட்டாப் போதுமாம். அது பாட்டுக்கு வித்துக்கிட்டே இருக்குமாம். "நீங்க தூங்கும்போதும் காசு வரும் மேடம்."

தம்பி, 14 வருஷம் லேபர் வார்டுல நைட் டியூட்டி பாத்தவ நான். தூங்கும்போது தூக்கம் வந்தாலே போதும். காசு முழிச்சிருக்கும்போது வரட்டும்.

(இதையெல்லாம் சொல்லல. வாயில "யோசிச்சு சொல்றேம்பா"ன்னுதான் வந்துச்சு.)

ஃபோனை வெச்ச பிறகுதான் கோவம். அஞ்சு வருஷமா நான் மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கற கேள்வி அது. லைவா, ரெக்கார்டடா, வாட்ஸ்அப்பா, நேர்லயா? அதைப் போய் ஓட்டல்ல "காபியா, டீயா"ன்னு கேக்கற மாதிரி கேட்டுட்டுப் போயிடுச்சே அந்தப் புள்ள. சரி, கேட்டதுக்குப் பதில் இங்க எழுதிடறேன். நீளமா இருக்கும். டீ போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நான் இருக்கறது கூரம். காஞ்சிபுரத்துலேர்ந்து பத்து கிலோமீட்டர் சுமாருக்கு. வைஷ்ணவங்ககிட்ட ஊர்ப் பேரைச் சொன்னா "ஆஹா, கூரத்தாழ்வான் ஊரா!"ன்னு கையெடுப்பாங்க. மத்தவங்க "எந்த பஸ்ஸு?"ன்னு கேப்பாங்க.

நான் செய்யற வேலைக்கு ஊர்ல ஒழுங்கா ஒரு பேர் கிடையாது. டாக்டர் இல்ல, மருத்துவச்சி இல்ல. நர்ஸா இருந்தேன், விட்டுட்டேன். பிரசவம் நான் பாக்கறதில்ல. பிரசவத்துக்குப் போகப்போற பொண்ணை உக்காரவெச்சு, உள்ள என்ன நடக்கும், எது நெச வலி, எது பொய் வலி, எப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும், மூச்சு எப்படி விடணும், ஏன் இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்றாங்க, குழந்தை அசைவை எப்படிக் கவனிக்கணும், சீம்பாலை ஏன் பீச்சிக் கீழ ஊத்தக்கூடாது, இதெல்லாம் சொல்லித் தர்றேன். சென்னையில இதுக்கு ஸ்டைலா என்னென்னமோ பேர் வெச்சிருக்காங்க. எங்க தெருவுல "புள்ளத்தாச்சி கிளாஸ்". நானும் அதையே வெச்சுக்கிட்டேன்.

2019-ல ஆரம்பிச்சது. வீட்டு முன்ரூம்ல ரெண்டு பாய், நாலஞ்சு பொண்ணுங்க, சுவத்துல சாய்ஞ்சுக்கத் தலகாணி. இடுப்பெலும்பு பொம்மை வாங்கக் காசில்லாம, வளையல் ஒண்ணும் ரப்பர் பொம்மை ஒண்ணும் வெச்சு, குழந்தை எப்படித் திரும்பித் திரும்பி வெளிய வருதுன்னு காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் ஒருத்தி பயத்தைச் சொல்லுவா. அவ சொன்னதும் இன்னொருத்தி. நல்லாத்தான் போச்சு.

2020 மார்ச்ல எல்லாம் பூட்டியாச்சு. பாயைச் சுருட்டிட்டு நானும் சூமுக்குப் போனேன்.

முதல்ல ஒரு முட்டாள்தனம் பண்ணேன். எங்கயோ படிச்சேன்னு ஆறு வாரக் கோர்ஸ், சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி, புருஷன் பொண்டாட்டி ஜோடியா வரணும்னு அறிவிச்சேன். இந்த ஆறு வாரம், ஜோடி, சாயங்காலம் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்புறம்தான் தேடிப் பாத்தேன். பிரான்ஸ்ல ஃபெர்னாண்ட் லாமாஸ்னு ஒரு டாக்டர். 1951-ல சோவியத் நாட்டுக்குப் போனவர், அங்க கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சியெல்லாம் குடுத்துத் தயார் பண்றதைப் பாத்துட்டு வந்து பாரீஸ்ல ஆரம்பிச்சார். அவர்கிட்ட பிரசவம் பாத்துக்கிட்ட மார்ஜரி கார்மெல்ங்கற அமெரிக்கப் பொம்பள 1959-ல அதைப் புஸ்தகமா எழுதினாங்க. அடுத்த வருஷமே எலிசபெத் பிங்னு ஒருத்தங்களோட சேர்ந்து அதுக்குன்னு ஒரு சங்கம். அங்கேர்ந்து பரவினதுதான் இந்த வாரா வாரம் ஜோடி வகுப்பு. ஆபீஸ் முடிச்சு வீட்டுக்கு வர்ற புருஷன், தனிக்குடித்தனம், சொந்தக் காரு. அந்த வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை அது.

நம்ம பொண்ணுங்களுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. மூணாவது வாரம் வரைக்கும் கூரத்துல இருந்த பொண்ணு, நாலாவது வாரம் செய்யாறுல இருக்கும். புருஷன் ஒரகடத்துல ஏதோ ஒரு கம்பெனில ஷிஃப்டு. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிங்கறது அடுப்புல குழம்பு கொதிக்கற நேரம், மாமனாருக்கு மாத்திரை குடுக்கற நேரம், சீரியல் ஆரம்பிக்கற நேரம்.

பதினோரு பேர் சேர்ந்தாங்க. மூணாவது வாரம் நாலு பேர். அதுல ரெண்டு பேர் வீடியோவை அணைச்சு வெச்சிருந்தாங்க. அங்க ஆள் இருக்கா, இல்ல ஃபோன் மட்டும் இருக்கான்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

கூரத்தாழ்வான் கதை ஒண்ணு சொல்லுவாங்க. பெரிய பணக்காரர். நாள் பூரா ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு ராத்திரி அவர் வீட்டுக் கதவைச் சாத்தினா, அந்தச் சத்தம் காஞ்சிபுரத்துல பெருந்தேவித் தாயார் காதுக்கே கேக்குமாம்.

நான் கூரத்துலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல இருக்கற பொண்ணு "அக்கா, கட் ஆவுது, கட் ஆவுது"ங்குது.

இதுல சூம் ஓசிக் கணக்குக்கு 40 நிமிஷம்தான். 38-ஆவது நிமிஷத்துலதான் யாராவது வாயைத் தொறந்து உருப்படியா ஒரு கேள்வி கேப்பாங்க. கேட்டு முடிக்கறதுக்குள்ள டப்புன்னு அணைஞ்சிடும். லேபர் ரூம்ல பத்து மணி நேரம் கூட நின்னுருக்கேன், இந்த மாதிரி பாதியில எந்தக் குழந்தையும் என்னை விட்டுட்டுப் போனதில்ல.

ஆனா ஒண்ணு, லைவ்ல ஒரு அதிசயமும் நடந்துச்சு. எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை பேசாத பொண்ணு, எனக்கு மட்டும் தனியா மெசேஜ் தட்டிச்சு. "அக்கா, ஒம்பதாம் மாசத்துல அவரு பக்கத்துல படுக்கலாமா?" என் பாய் மேல உக்காந்திருந்தா சத்தியமா கேட்டிருக்காது. அப்பதான் இதுலயும் ஏதோ இருக்குன்னு மண்டையில உறைச்சுது.

அடுத்து ரெக்கார்டட். இது 2021-ல. ஒரு பிசினஸ் கோச் நடத்தின வெபினார்ல மாட்டிக்கிட்டேன். (எவ்வளவு கட்டினேன்னு கேக்காதீங்க. வீட்டுக்காரருக்கே இன்னும் பாதித் தொகைதான் தெரியும்.) "உங்க அறிவை ஒரு தடவை படம் பிடிங்க, வாழ்நாள் பூரா வருமானம்"னு அவர் சொன்னதை நம்பி 22 வீடியோ எடுத்தேன். ரெண்டு மாசம். பின்னாடி ஒரு பழைய பட்டுப்புடவையைத் திரையாக் கட்டி, முன்னாடி பக்கத்து வீட்டு டியூப் லைட்டைக் கடன் வாங்கி. மூணாவது வீடியோவுல சேவல் கூவும். ஒம்பதாவதுல எங்க மாமியார் "கேஸ்காரன் வந்துட்டான்"னு குரல் குடுப்பாங்க. வெட்டி எடுக்கத் தெரியல, அப்படியே விட்டுட்டேன். அதுதான் நல்லா இருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க.

1,999 ரூபாய் விலை. (இந்தக் கடைசி ஒம்பது வித்தையும் அந்த கோச் சொல்லிக் குடுத்ததுதான்.) ஒம்பது பேர் வாங்கினாங்க. யார் எந்த வீடியோ வரைக்கும் பாத்தாங்கன்னு உள்ள போனா கோடு காட்டும். எட்டு பேர் மூணாவதைத் தாண்டல. சேவலோட நின்னுட்டாங்க.

ஒம்பதாவது பொண்ணு மத்ததெல்லாம் விட்டுட்டு 14-ஆவது வீடியோவை மட்டும் ஆறு தடவை பாத்திருக்கு. எல்லாம் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி. 14-ஆவது வீடியோ சிசேரியன் பத்தினது. யாருகிட்டயும் சொல்லாம, புருஷன் தூங்கின பிறகு, அந்த ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு முழிச்சுக் கெடந்திருக்கு.

அதைப் பாத்த அன்னிக்கு எனக்கே தூக்கம் வரல. ஏன்னா அந்தக் கோர்ஸுக்கு நான் வெச்ச பேரு "சுகப்பிரசவம் சுலபம்".

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு எடுக்கறாங்கல்ல, 2019-21-ல எடுத்ததுல தமிழ்நாட்டுல நூத்துக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரின்னா 63.8. அரசு ஆஸ்பத்திரில 36. இவ்வளவு தேவையான்னு சண்டை போடலாம், நானும் போடுவேன், அது வேற பதிவு. ஆனா என் பாயில உக்காந்த பொண்ணுங்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகப்போறாங்க. அவங்களுக்கு "சுகப்பிரசவம் சுலபம்"னு பேர் வெச்சு வித்தா, தையலோட படுத்திருக்கும்போது அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்? நாமதான் எதையோ சரியாச் செய்யலன்னு நெனைக்கும். பேரை மாத்தினேன். சிசேரியன் பாடத்தை 14-லேர்ந்து ரெண்டுக்குக் கொண்டுவந்தேன்.

ரெக்கார்டடை நான் கைவிட்டது அதனால இல்ல. இன்னொரு ராத்திரியால.

அந்த 22 வீடியோவுல ஒண்ணுல சொல்லியிருந்தேன்: "வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் வந்தா கிளம்புங்க." தலைப்பிரசவம், வேற எந்தச் சிக்கலும் இல்ல, ஆஸ்பத்திரி பக்கம்னா சொல்ற கணக்கு. பாடப்புத்தகக் கணக்குதான். ஒரு ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு ஒரு பொண்ணு கூப்பிடுது. குரல் தெளிவா, பெருமையா இருக்கு.

"அக்கா, எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. நீங்க சொன்ன மாதிரி எழுதி வெச்சுக்கிட்டிருக்கேன். இன்னும் அஞ்சு ஆவல."

"ரெண்டாவதா ம்மா?"

"ஆமாக்கா. முதல்ல ஆபரேஷன்."

எனக்குக் கால் சில்லிட்டுப்போச்சு. முதல்ல ஆபரேஷன் பண்ணின வயித்துக்கு அஞ்சு நிமிஷக் கணக்கே கிடையாது. வலின்னு வந்தாலே கிளம்பணும். பழைய தையல் விட்டுக்கிட்டா என்ன ஆகும்னு வார்டுல பாத்திருக்கேன். "இப்பவே கிளம்பு, 108-க்கு அடி, நோட்டைத் தூக்கிப் போடு"ன்னு கத்தினேன். போய்ச் சேந்துச்சு. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. அந்தப் புள்ள இப்ப அங்கன்வாடிக்குப் போகுது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் சொன்னதுல தப்பில்ல. அந்தப் பொண்ணு கேட்டதுலயும் தப்பில்ல. நேர்ல உக்காந்திருந்தா முதல் அஞ்சு நிமிஷத்துல "உனக்கு இது எத்தனாவது?"ன்னு கேட்டிருப்பேன். வீடியோ கேக்காது. எதிர்ல யார் இருந்தாலும் அதே சிரிப்பு, அதே கணக்கு.

மறுநாளே 22 வீடியோவையும் எடுத்துட்டேன். வாங்கினவங்களுக்குக் காசைத் திருப்பினேன். நான் தூங்கும்போது வந்துக்கிட்டிருந்த வருமானம் அதோட போச்சு. (மொத்தம் ஒம்பது பேருங்க. பெருசா ஒண்ணும் போயிடல.)

இங்க ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாகணும். 2018 ஜூலைல திருப்பூர்ல ஒரு டீச்சர், யூடியூப் பாத்து வீட்டுலயே பிரசவம் பாத்துக்கப்போய், ரத்தப்போக்குல செத்துப்போனாங்க. பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பிரசவத்துக்கப்புறம் கருப்பை சுருங்காம ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா, ஒரு உயிர் போக ரெண்டு மணி நேரமே அதிகம். வார்டுல நாலு பேர் ஓடுவோம். ஒருத்தர் வயித்தைத் தேய்ப்பாங்க, ஒருத்தர் ஊசி போடுவாங்க, ஒருத்தர் ரத்தத்துக்கு ஃபோன் அடிப்பாங்க. வீட்டுல யார் ஓடறது? யூடியூபா?

அது முடிஞ்சு ஆறு வருஷம். 2024 நவம்பர்ல எங்க மாவட்டத்துலயே, குன்றத்தூர்ல, ஒரு தம்பதி வாட்ஸ்அப் குரூப்பைப் பாத்து வீட்டுல பிரசவம் பாத்தாங்க. தாய்க்கும் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல, ஏதோ நல்ல நேரம். அந்தக் குரூப்புல ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்களாம். ஆயிரம் பேர்! நான் தொண்டை வத்திக் கத்தி பதினோரு பேரைச் சேத்தேன்.

அந்தச் சேதி வந்த அன்னிக்கு என் நாத்தனார் ஃபோன் பண்ணி, "அண்ணி, உங்களைப் போலீஸ் எதுவும்..."ன்னு இழுத்தாங்க. சிரிச்சேன். ஆனா உள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. ஏன்னா அப்ப நானும் வாட்ஸ்அப்புலதான் வகுப்பு நடத்திக்கிட்டிருந்தேன்.

ஆமா, அதைச் சொல்ல மறந்துட்டேன். வாட்ஸ்அப்புக்கு நான் போனது ஒரு தார் சுத்தற பொண்ணால.

பட்டு நெசவு வீடுகள்ல, பள்ளத்தறியில ஆம்பள உக்காந்தா, நூலைத் தார்ல சுத்திக் குடுக்கறது பெரும்பாலும் பொம்பளைங்க. கோர்வைப் புடவைன்னா கரையும் உடலும் தனித்தனியாக் கோர்த்து நெய்யணும், இன்னொரு பக்கம் நாடா தள்ள ஒரு ஆள் வேணும். அங்கயும் அவங்கதான். எட்டு மாச வயித்தோட. அந்தப் பொண்ணு ஒரு நாள் சொல்லிச்சு: "அக்கா, கண்ணும் கையும் நூல்ல இருக்கு. காது சும்மாதான் இருக்கு. நீங்க வாயால பேசி அனுப்புங்களேன்."

இந்த ஒரு வரியை எனக்கு அந்த கோச் சொல்லித் தரல பாருங்க. வாங்கின காசுக்கு.

அன்னிக்கு ராத்திரியே நாலு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட் பேசி அனுப்பினேன். சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு, ரவிக்கை பட்டன் தெரியுதா, முடி கலைஞ்சிருக்கா எதையும் பாக்காம. "என்னம்மா, சாப்ட்டியா? இன்னிக்கு பொய் வலி பத்திப் பேசலாம்"னு. மறுநாள் பதில் வருது, பின்னாடி டக்கு டக்குன்னு தறிச் சத்தத்தோட. வீடியோவை மூணோட நிறுத்தினவங்களைத்தான் எனக்குத் தெரியும். வாய்ஸ் நோட்டை ஒருத்தர் விடல. கேட்டுட்டு, அவங்களும் பேசி அனுப்பறாங்க. எழுதச் சொன்னா ஒரு வரி வராது, பேசச் சொன்னா ஆறு நிமிஷம் வரும்.

அதுலயும் கூத்து இருக்கு.

முதல் கூத்து: மூச்சுப் பயிற்சி. "மெதுவா... உள்ள இழுங்க... நாலு எண்ணுங்க... இன்னும் மெதுவா... வெளிய விடுங்க"ன்னு உருகி உருகிப் பேசி அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு பொண்ணு, "அக்கா, இதைப் பண்ணினா தலை சுத்துது." என்னடான்னு ஃபோன்ல பண்ணிக் காட்டச் சொன்னா, நாய் இளைக்கற மாதிரி இளைக்குது. விசாரிச்சா, வாய்ஸ் நோட்டை ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சுக் கேட்டிருக்கு! "நீங்க இழுத்து இழுத்துப் பேசறீங்க அக்கா, அதான்." இப்ப மூச்சுப் பயிற்சி மட்டும் நேர்லதான்.

ரெண்டாவது கூத்து: நெசவு வீட்டுல யாரும் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறதில்ல. ஸ்பீக்கர்தான். நான் ஒரு நாள் மூலம், மலச்சிக்கல், கீழ தையல் போட்டா எப்படி உக்காரணும்னு விலாவாரியா அனுப்பினது, மாமனார் தறியில உக்காந்திருக்க நடு வீட்டுல ஒலிச்சிருக்கு. அந்தப் பெரியவர் நாடாவை நிறுத்திட்டு எழுந்து வெளிய போயிட்டாராம். அன்னிக்கு நெசவு அவ்ளோதான்.

அப்புறம் ரெண்டு விதமாப் பிரிச்சேன். ஊரே கேக்கலாம்ங்கறது ஒண்ணு. "இதைத் தனியாக் கேளும்மா"ன்னு முதல் வார்த்தையே சொல்லி அனுப்பறது இன்னொண்ணு.

ஆனா ஸ்பீக்கர்ல நடந்த நல்லதும் சொல்லணும். குழந்தை பொறந்ததும் சர்க்கரைத் தண்ணி தொட்டு வெக்காதீங்க, கழுதைப்பால் வேணாம், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுங்கன்னு நான் மருமகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கேன். என்ன பிரயோஜனம்? சங்கைக் கையில வெச்சிருக்கறது மாமியார். சூம்ல மாமியாரைச் சேக்க முடியாது. 1,999 ரூபா வீடியோவை மாமியார் பாக்க மாட்டாங்க. ஸ்பீக்கர்ல ஓடினா, அரிசி புடைச்சுக்கிட்டே காதுல வாங்கிக்கறாங்க. ஒரு நாள் மருமக ஃபோன்லேர்ந்தே ஒரு அம்மா வாய்ஸ் நோட் அனுப்பினாங்க: "ஏம்மா நர்ஸு, எங்க காலத்துல கழுதைப்பால் குடிச்ச புள்ளைங்கதான் இன்னிக்கு லாரி ஓட்டுது. அதுக்கென்ன சொல்ற?"

நாலு நாள் சண்டை. வாய்ஸ் நோட்டுல. ஊரே கேட்டுச்சு. கடைசியில, "சரி, குடுக்கல. சங்குல பாலாவது?"ன்னு ஒரு படி இறங்கி வந்தாங்க.

குன்றத்தூர் சேதிக்கு வர்றேன். அந்த ஆயிரம் பேர் குரூப்பும் வாட்ஸ்அப்தான், என்னுதும் வாட்ஸ்அப்தான். வித்தியாசம் என்னன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டேன். அப்பதான் சில சட்டம் போட்டேன். ஒரு பேட்ச்ல 12 பேருக்கு மேல கிடையாது. 12 பேருன்னா யாருக்கு முதல்ல ஆபரேஷன், யாருக்கு பி.பி., யாருக்கு ரெட்டைன்னு எனக்கு மனப்பாடமா இருக்கும். கர்ப்பத்தை அரசுல பதியற பிக்மி நம்பர் வாங்கி, ஊர் சுகாதார நர்சம்மாகிட்டப் பதிஞ்சவங்களை மட்டும்தான் சேக்கறது. (அது பதிஞ்சாத்தான் அரசோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல ஊட்டச்சத்துப் பெட்டகத்தோட சேத்து 18,000 ரூபாய். அதனால இதுல யாரும் என்கூட மல்லுக்கு நிக்கறதில்ல.) ரத்தம், தலைவலியோட கண் மங்கல், தண்ணி உடையறது, குழந்தை அசைவு குறையறது, இந்த நாலுல எது நடந்தாலும் எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பவே கூடாது. நேரா 108. ஆஸ்பத்திரில படுத்தப்புறம் எனக்குச் சொல்லு. நான் கேட்டுப் பதில் பேசி அனுப்பற அஞ்சு நிமிஷம் கூட அங்க அதிகம்.

ஒரு பொண்ணு இதை மீறிச்சு. "அக்கா, தண்ணி மாதிரி போகுது, கலர் இல்ல, வாசனை வேற மாதிரி..."ன்னு ரெண்டு நிமிஷம் வர்ணனை. வர்ணனை நல்லாத்தான் இருந்துச்சு. திட்டினேன்.

லைவை முழுசா விடல. ரெண்டு லைவ் இருக்கு. ஒண்ணு மத்தியானம் மூணு மணிக்கு. சாப்பிட்டு முடிச்சு, தறி கொஞ்சம் ஓயற நேரம். அதுல நான் பாடமே எடுக்கறதில்ல. கேள்வி மட்டும். கேமரா வேணாம். பேர் கூட வேணாம், "ஏழாம் மாசம்", "ஒம்பதாம் மாசம்"னு வெச்சுக்கிட்டு வரலாம். அன்னிக்கு என்கிட்டத் தனியா மெசேஜ் தட்டின பொண்ணை மனசுல வெச்சுக்கிட்டுப் பண்ணினது.

இன்னொண்ணு புருஷன்களுக்கு மட்டும், ஞாயித்துக்கிழமை. இதுக்கு ஆன்லைன் மாதிரி வசதி வேற இல்ல, அதை ஒத்துக்கணும். பொண்ணு அம்மா வீட்டுல, பையன் ஒரகடத்துல ரூம்ல, இன்னொரு பையன் துபாய்ல. நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவத்துக்குக் கூட ஒரு ஆள் இருக்கலாம்னு 2004-லயே கொண்டுவந்தாங்க. பொதுவா அம்மாவோ, அத்தையோ, அக்காவோ பொம்பளைங்கதான் உள்ள போவாங்க. கூட ஒரு ஆள் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தா வலி தாங்கற விதமே வேறன்னு நான் வார்டுல பாத்திருக்கேன். பதினஞ்சாயிரத்துக்கும் மேல பொம்பளைங்களை வெச்சு நடத்தின ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பாத்தும் அதையேதான் சொல்றாங்க. வெளிய நிக்கப்போற பையனுக்கு என்ன வேலை? ரத்தம் குடுக்கற ஆள் ரெண்டு பேர் நம்பர், ஆட்டோ நம்பர், ஃபைல். "டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?"னு பசங்க கேப்பாங்க, அதையும் சொல்லித் தர்றேன். வெளிய நிக்கறவன் முழிச்சுக்கிட்டு நிக்காம இருந்தா அதுவே பெரிய உதவி. போன மாசம் ஒரு பையன் கம்பெனி பஸ்லேர்ந்து சேந்தான். கூட உக்காந்திருந்த நாலு பேரும் கேட்டாங்களாம். அதுல ஒருத்தனுக்குக் கல்யாணமே ஆகலயாம்.

நேர் வகுப்பு ஒரே ஒரு தடவை. வளைகாப்புக்கு முந்தின வாரம், என் வீட்டுப் பாய்ல. மூச்சு, இடுப்பு அசைக்கறது, கீழ எப்படி உக்காரணும், வளையலும் ரப்பர் பொம்மையும். அதுக்கு மட்டும் எந்த ஆப்பும் வரல. வரவும் வராது.

இந்த ஃபார்மட் சங்கதியெல்லாம் எங்க ஊருக்குப் புதுசில்ல. இங்க பல்லவ ராஜா முதலாம் பரமேசுவரவர்மன் குடுத்த செப்பேடு ஒண்ணு கிடைச்சிருக்கு. 1,300 வருஷம் ஆச்சு. கோயிலுக்கும் வேதம் படிச்சவங்களுக்கும் நிலத்தைப் பங்கு போட்டு எழுதிட்டு, கூடவே மண்டபத்துல தண்ணிக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு, அங்க உக்காந்து பாரதம் வாசிக்கறதுக்கு ஒரு பங்குன்னு எழுதி வெச்சிருக்கார். அதாவது லைவ் கிளாஸு, வாத்தியாருக்கு நிலத்துலேர்ந்து வருமானம், வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணி. அந்த வாத்தியாரும் தூங்கும்போது நெல்லு வெளஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும். எவர்கிரீன்!

(ரெக்கார்டிங்குக்கும் எங்க ஊர்ல ஆள் உண்டு. ராமானுஜர்கூட காஷ்மீருக்குப் போன கூரத்தாழ்வான், அங்க இருந்த போதாயன விருத்திங்கற உரையை ராத்திரி ராத்திரியா ஒரே தடவை படிச்சு அப்படியே மனசுல ஏத்திக்கிட்டாராம். சுவடியை அவங்க பிடுங்கிக்கிட்டதுக்கப்புறமும் எல்லாம் அவர் தலைக்குள்ள இருந்துச்சு. எனக்கு என் 22 வீடியோவுல என்ன பேசினேன்னே ஞாபகம் இல்ல.)

காசு கதை சின்னதுதான். ஆறு வாரத்துக்கு 3,000 ரூபாய் கேட்டப்ப பதினோரு பேர், அதுவும் மூணாவது வாரமே நாலு பேராச்சு. 1,999-க்கு ஒம்பது பேர், அதையும் திருப்பிட்டேன். இப்ப மொத்தமா 600. அதுலயும் பாதி இப்ப, பாதி குழந்தை பொறந்த பிறகு. ஜிபேல "குழந்தை பொறந்துடுச்சு அக்கா"ன்னு குறிப்போட 300 ரூபா வரும் பாருங்க, வீட்டுக்காரர் சத்தமா அறிவிப்பார், "ஒண்ணு வந்துடுச்சுடி!" சமயத்துல வளைகாப்புக்கு மொய்யா யாராவது கட்டிடுவாங்க. போன தடவை ஒரு நாத்தனார் வளையலுக்குப் பதிலா வகுப்பு கட்டினாங்க. "வளையல் ஒடஞ்சிடும், இது பயனா இருக்கும்"னாங்களாம். மருமகளுக்கு வளையல்தான் வேணும்னு தெரிஞ்சுது, மூஞ்சியே சொல்லிச்சு.

கூட்டிக் கழிச்சுப் பாத்தா சம்பளம் மாதிரி ஒண்ணும் நிக்கல. வார்டுல வாங்கினதுல பாதி கூட வராது. அந்தத் தம்பி ஃபோன் பண்ணினப்ப "யோசிச்சு சொல்றேன்"னு என் வாய் தானா சொன்னதுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

இன்னிக்குக் காலைல ஒரு வாய்ஸ் நோட் வந்திருக்கு. கழுதைப்பால் அம்மாவேதான். ரெண்டாவது மருமகளுக்கு இப்ப அஞ்சாம் மாசமாம். அவளைச் சேக்கணுமாம். அதோட நிறுத்தல.

"ஏம்மா நர்ஸு, எங்களை மாதிரிக் கெழவிங்களுக்கு ஒரு கிளாஸு எடுக்கக்கூடாதா? எங்க தெருவுல ஏழு பேர் இருக்கோம். எல்லாருக்கும் சந்தேகம் இருக்கு. மருமகளுங்க முன்னாடி கேக்க முடியுமா?"

"எடுக்கறேம்மா. வாய்ஸ் நோட்டா அனுப்பவா, மத்தியானம் லைவா வரீங்களா?"ன்னு கேட்டேன்.

உடனே பதில். "ஃபோனெல்லாம் எதுக்கு? நீயே வா. திண்ணையில உக்காந்து பேசலாம். டீ போட்டுத் தர்றேன்."

ஞாயித்துக்கிழமை போறேன். வளையலையும் ரப்பர் பொம்மையையும் பையில எடுத்து வெச்சாச்சு.